எத்தனை இடத்துக்கு அனுப்பினாலும் பதிலே வருவதில்லை!

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 26 வயது. புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். வவுனியா பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் பட்டம் முடித்து ஒன்றரை வருடமாகிறது. படிக்கும்போது ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு மாதம் பயிற்சிக்கு நின்றேன். நாலு கிளைகளின் விற்பனைக் கணக்கை எக்செலில் போட்டது, மாத முடிவில் இருப்பு எடுத்தது எல்லாம் நான்தான். இப்போது உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் ரியூசன் கொடுக்கிறேன். வீட்டில் கம்பியூட்டர் இல்லை, போன்தான். ஒன்லைனில் எண்பது வேலைகளுக்கு மேல் அனுப்பிவிட்டேன். 'கிடைத்தது' என்று தானாக வரும் மெயில் இரண்டு வந்தது, அவ்வளவுதான். புதுக்குடியிருப்பு என்று போட்டால் கூப்பிடமாட்டார்கள் என்று தோழி சொன்னதால், கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் மாமி வீட்டு முகவரியைத்தான் சீவியில் போட்டிருக்கிறேன். போன மாதம் ரெலிகிராமில் ஒரு வேலை வந்தது. வீடியோக்களுக்கு லைக் போட வேண்டும். முதல் நாளே 900 ரூபா என் கணக்குக்கு வந்தது. இப்போது அடுத்த கட்டத்துக்குப் போக 15,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். அப்பாவோ, அரச வேலை வரும்வரை பொறு என்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு ஒன்லைனில் வேலை எடுக்க முடியுமா, அல்லது இதெல்லாம் வீண் வேலையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தங்கச்சி, அந்த 15,000 ரூபாவைக் கட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பேசலாம், இது மட்டும் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

உங்களுக்கு வந்த 900 ரூபா சம்பளமல்ல, தூண்டிலில் குத்திய புழு. நீங்கள் 15,000 கட்டினால் அவர்களுடைய அப்பிலோ தளத்திலோ உங்கள் பெயரில் 25,000 இருப்பதாகக் காட்டுவார்கள். அதை எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னும் 40,000 போடு என்பார்கள். அந்தக் குழுவில் 'எனக்குக் காசு வந்துவிட்டது' என்று படம் போடுகிறவர்களும் பெரும்பாலும் அதே கூட்டம்தான். இதைவிட ஆபத்தானது இன்னொன்று இருக்கிறது. 'உங்கள் கணக்குக்கு ஒரு தொகை வரும், கொமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்' என்று கேட்பார்கள். அது உங்களைப் போல ஏமாந்த வேறொருவருடைய காசு. அவர் பொலிஸுக்குப் போனால் முதலில் தேடப்படுவது கணக்கின் சொந்தக்காரி.

வங்கி அட்டையின் படம், ஓ.டி.பி. இலக்கம், அடையாள அட்டையின் இரண்டு பக்கம், இதில் எதையாவது அவர்களுக்குக் கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்கு அழைத்துச் சொல்லுங்கள். குழுவிலிருந்து விலகுவதற்கு முன்பு உரையாடலையும் காசு வந்த கணக்கு விபரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். முறைப்பாடு கொடுக்க அது தேவைப்படும். 900 ரூபாவை வாங்கிவிட்டேனே என்று பயப்பட வேண்டாம். தொடராமல் நிறுத்துவதுதான் முக்கியம்.

இனிமேல் எந்த வேலை என்றாலும் ஒன்றைப் பாருங்கள்: உங்களிடம் முதலில் காசு கேட்கிறார்களா? படிவத்துக்கு, பயிற்சிக்கு, சீருடைக்கு, லப்டொப்புக்கு முற்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அரச போட்டிப் பரீட்சைக்குக் கட்டணம் உண்டு, அது வேறு. அந்தத் தொகையும் கட்டும் வழியும் வர்த்தமானி அறிவித்தலிலேயே எழுதியிருக்கும்.

வெளிநாட்டு வேலை என்று வந்தால் இன்னும் கவனம். தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று சொல்லி, சமூக ஊடகங்கள் வழியாக ஆள் சேர்த்து, மியன்மார் எல்லையில் மியாவாடிப் பக்கம் மோசடி முகாம்களில் கொண்டுபோய் அடைத்த கதை இலங்கைப் பிள்ளைகளுக்கே நடந்தது. ஆங்கிலமும் கம்பியூட்டரும் தெரிந்த பிள்ளைகளைத்தான் அதற்குத் தேடினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். 'விசிற் விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருவோம்' என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், வேண்டாம்.

சரி, இனி உங்கள் விண்ணப்பங்களுக்கு வருவோம்.

வெள்ளவத்தை முகவரியை எடுத்துவிடுங்கள். உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது. ஆட்களை எடுக்கும் மேசையில் பல வருடம் இருந்தவள் நான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ கிளை வைத்திருக்கும் ஒரு வங்கிக்கு, காப்புறுதிக் கொம்பனிக்கு, லீசிங் கொம்பனிக்குப் பெரிய தலையிடி ஆள் கிடைப்பதல்ல, கிடைத்த ஆள் நிற்பதுதான். வெளியிலிருந்து வருகிறவர் வந்த நாளிலிருந்தே இடமாற்றம் கேட்பார். பழகி, வாடிக்கையாளரின் பெயர் தெரிந்துகொள்ளும் நேரத்தில் போய்விடுவார். அப்படிப்பட்ட கிளைக்கு ஆள் தேடும் ஒருவர் உங்கள் சீவியைத் திறக்கிறார். மேலே வெள்ளவத்தை என்று இருக்கிறது. 'இந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்து எத்தனை நாளைக்கு நிற்கும்?' என்று அடுத்ததைத் திறக்கிறார். அந்த வேலைக்கு உங்களிடம் இருந்த மிகப் பெரிய தகுதியை நீங்களே மறைத்துவிட்டீர்கள்.

கொழும்பு வேலைக்கும் அது உதவாது. பக்கத்தில்தானே என்று நினைத்து நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்வார்கள். நீங்கள் இரவு பஸ் பிடித்து, தூக்கமில்லாமல் போய் இறங்க வேண்டும். 'வெள்ளவத்தையில் எங்கே இருக்கிறீர்கள்?' என்று சாதாரணமாகக் கேட்டாலே தடுமாறுவீர்கள். உள்ளதைப் போடுங்கள்: 'புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம்'. கொழும்பு வேலை என்றால் அதன் கீழ் ஒரு வரி: 'கொழும்பில் தங்கி வேலை செய்ய முடியும், உறவினர் வீட்டில் தங்குமிடம் உண்டு.' அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். வீட்டிலக்கம், தெரு எதுவும் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கம், பெற்றோர் பெயர், மதம், கிராம சேவையாளர் பிரிவு இவற்றையும் எடுத்துவிடுங்கள். அரச விண்ணப்பப் படிவம் கேட்டால் அங்கே கொடுங்கள். ஒன்லைனில் எண்பது இடத்துக்குப் போகும் ஒரு கோப்பில் உங்கள் அடையாள அட்டை இலக்கம் இருப்பது நல்லதல்ல.

எண்பது என்ற கணக்கைப் பார்த்து எனக்கு உங்கள் உழைப்புத் தெரிகிறது. ஆனால் எண்பது இடத்துக்கும் போனது ஒரே தாள், இல்லையா? அதில்தான் பிரச்சினை. கணக்கு உதவியாளர் வேலைக்கும், கோல் சென்ரர் வேலைக்கும், விற்பனைப் பிரதிநிதி வேலைக்கும் ஒரே தாள் போனால் மூன்று பேருக்கும் அது பொருந்தாது. கிழமைக்கு நாலு அனுப்புங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே காட்டுகிறேன். பயிற்சியைப் பற்றிச் சீவியில் என்ன எழுதியிருப்பீர்கள்? கடைகளில் அடிக்கும் சீவிகளில் வழக்கமாக இருப்பது, 'கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு மாதம் பயிலுநராகக் கடமையாற்றினேன்' என்ற ஒரு வரி. ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் சீவியில் வர வேண்டியது: 'நாலு கிளைகளின் நாளாந்த விற்பனையை எக்செலில் பதிந்தேன். மாத முடிவில் கடையில் இருக்கும் சரக்கை எண்ணிப் பதிவோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் வந்தால் முகாமையாளருக்கு அறிக்கை கொடுத்தேன்.' கடைசி வரியை நீங்கள் உண்மையில் செய்திருந்தால் மட்டும் போடுங்கள். இதை வாசிக்கும் ஒரு கணக்காளருக்கு உங்களை எங்கே உட்கார வைக்கலாம் என்று உடனே விளங்கும்.

ரியூசனையும் போடுங்கள். அதைப் போடாமல் விட்டிருந்தால், ஒன்றரை வருடம் சும்மா இருந்த பிள்ளை என்று வாசிப்பவர் நினைப்பார். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஐந்தொகையை விளங்கப்படுத்தத் தெரிந்த ஒருவருக்கு, வங்கியில் ஒரு விவசாயிக்குக் கடன் நிபந்தனையை விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருக்காது. வாடிக்கையாளர் சேவை வேலைக்கு அனுப்பும்போது அந்த ரியூசன் வரி மேலே வரட்டும். கணக்கு வேலைக்கு அனுப்பும்போது கூட்டுறவுச் சங்க வரி மேலே வரட்டும். தாளை மாற்றி எழுதுவது என்றால் இவ்வளவுதான், முழுவதையும் புதிதாக எழுதத் தேவையில்லை. விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்து, அவர்கள் பயன்படுத்தும் சொல்லை, உங்களுக்குப் பொருந்தினால், அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பெரிய கொம்பனிகள் சிலவற்றில் முதலில் சொற்களைத் தேடித்தான் சீவிகளைப் பிரிக்கிறார்கள்.

கொமினிகேசன் கடையில் சீவி அடித்திருந்தால் இன்னும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, ஆரம்பத்தில் 'சவால்மிக்க சூழலில் எனது திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு...' என்று ஒரு பந்தி இருக்கும். அதே கடையில் அடித்த எல்லாருடைய சீவியிலும் அதுவேதான் இருக்கும். அதை வெட்டிவிட்டு, நீங்கள் யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டாவது, தமிழில் அடித்ததென்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருவாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் வேர்ட் கோப்பாகத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டில் அடித்து, பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம்: அந்த மின்னஞ்சல் கணக்கைத் திறந்தது யார்? கடைக்காரத் தம்பி தன் போன் இலக்கத்தைக் கொடுத்துத் திறந்து, கடவுச்சொல்லையும் அவரே வைத்திருக்கும் கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேர்முகத்துக்கு அழைப்பு வந்து, யாரும் திறந்து பார்க்காமலேயே திகதி போய்விடும். உங்கள் பெயரில், உங்கள் சிம் இலக்கத்தில் புதிய கணக்கொன்று திறங்கள். பழைய கணக்கின் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். எண்பதில் ஒன்றிரண்டு பதில் அங்கே கிடக்கவும் கூடும்.

கம்பியூட்டர் இல்லாதது பெரிய தடையல்ல. கூகுள் டொக்ஸ் போனிலேயே வேலை செய்யும், பிடிஎப் ஆக இறக்கவும் முடியும். இறக்கிய கோப்பைத் தங்கையின் போனுக்கோ தோழியின் போனுக்கோ அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் வையுங்கள். 'நியூ சீவி பைனல் 2' என்ற பெயரில் வரும் கோப்பு ஒரு நாளில் எத்தனையோ வரும். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும் இடமும், விளம்பர இலக்கம் இருந்தால் அதுவும் வரட்டும். மின்னஞ்சலின் உள்பகுதியை வெறுமையாக விட்டுவிட்டுச் சீவியை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள். ஐந்து வரி போதும்: எந்த வேலை, எங்கே பார்த்தீர்கள், உங்களிடம் இருக்கும் இரண்டு பொருத்தமான விஷயம், எப்போது தொடங்கலாம், தொலைபேசி இலக்கம்.

ஆங்கிலத்திலா தமிழிலா என்று பலர் கேட்பார்கள். தனியார் கொம்பனிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் ஆங்கிலத்தில், உள்ளூர்ச் சங்கங்களுக்குத் தமிழில். சட்ஜிபிடி போன்றவற்றில் ஆங்கிலத்தைத் திருத்தலாம், தவறில்லை. ஆனால் நேர்முகத்தில் வாயால் சொல்ல முடியாத ஒரு சொல்லும் சீவியில் இருக்கக் கூடாது. சிறு சிறு வசனமாகப் பிழையில்லாமல் இருந்தால் போதும். அதோடு மொழிகள் என்ற இடத்தில் தமிழை முதலில் போடுங்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலம், சிங்களம் இரண்டுக்கும் 'சுமார்' என்று போட்டுவிட்டுத் தமிழை எழுதாமலே விடுகிறார்கள். கொழும்பில் உள்ள வங்கிகள், தொலைத்தொடர்பு, காப்புறுதிக் கொம்பனிகளின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் தமிழ் பேசுகிறவர்களைத் தேடி விளம்பரம் போடுகின்றன. சிங்களம் கொஞ்சமும் தெரிந்தால் கதவு இன்னும் அகலத் திறக்கும். பேச்சுச் சிங்களத்தை இந்த இடைவெளியில் படியுங்கள், அது எந்த வேலைக்கும் வீண்போகாது.

அடுத்தது, எங்கே தேடுவது. பேஸ்புக் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வருவதில் பாதி முடிவுத் திகதி போனது, மிச்சம் யாரோ வெட்டி ஒட்டியது. அங்கே ஒன்றைக் கண்டால், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். டொப் ஜொப்ஸ் தளத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் 'முல்லைத்தீவு' என்று தேடி, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். அங்கே பல விளம்பரங்கள் படமாக இருப்பதால், படத்துக்குள் இருக்கும் ஊர்ப் பெயர் தேடலில் அகப்படாது. அதோடு கிளை வேலைகளை ஊர்ப் பெயர் சொல்லாமல் 'வட மாகாணம்', 'நாடளாவிய ரீதியில்' என்றுதான் போடுவார்கள். கணக்கு, வங்கி என்ற பிரிவுகளுக்குள் போய் விளம்பரத்தைத் திறந்தே பார்க்க வேண்டும். கூகுளில் தேடும்போது முல்லைத்தீவை ஆங்கிலத்தில் நடுவில் 'எச்' போட்டும் போடாமலும் தேடுங்கள். விளம்பரம் எழுதுகிறவர்கள் இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். 'கடந்த கிழமை' என்று காலத்தைக் குறுக்கினால் பழைய குப்பை போய்விடும்.

உங்கள் பட்டத்துக்கு எந்தப் பதவிப் பெயர்களைத் தேடுவது என்பதையும் சொல்கிறேன். கணக்கு உதவியாளர், வங்கிப் பயிலுநர், முகாமைத்துவப் பயிலுநர், நிதி உதவியாளர், களஞ்சியப் பதிவாளர், தமிழ் வாடிக்கையாளர் சேவை. இவற்றின் ஆங்கிலப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'பட்டதாரி வேலை' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. நுண்கடன் கொம்பனிகளின் கள உத்தியோகத்தர் வேலை அடிக்கடி கண்ணில் படும், ஆள் எடுப்பதும் சுலபம். சேர்வதற்கு முன் யோசியுங்கள். நுண்கடன் நம் ஊர்ப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று உங்களுக்கே தெரியும். மாத இலக்கோடு வீடு வீடாகப் போய் அறவிடும் அந்த வேலையை உங்களால் மனதாரச் செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தொண்டு நிறுவன வேலைகளுக்கு ரிலீப்வெப் தளத்தில் இலங்கை என்று தெரிவு செய்து பாருங்கள். ஹலோ ட்ரஸ்ட் போலக் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் என்றால் களத்தில் நிற்பவர்களைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். சம்பளப் பட்டியல் போட, களஞ்சியம் பார்க்க, வவுச்சர் சரிபார்க்கவும் இப்படியான இடங்களில் ஆட்கள் வேண்டும். ஆனால் 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டிய பிறகு இந்தத் துறை சுருங்கிவிட்டது, இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

லிங்க்ட்இன் கணக்கு இல்லையென்றால் திறங்கள். அங்கே வேலை தேடுவதைவிட ஆளைத் தேடுவதுதான் பிரயோசனம். பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போனால் பழைய மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒரு விஷயம்: வவுனியா தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்டில்தான். அதற்கு முன் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். ஆகவே உங்கள் மூத்த மாணவர்கள் பலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றே போட்டிருப்பார்கள். இரண்டு பெயரிலும் தேடுங்கள். உங்கள் துறையில் படித்து இப்போது ஒரு வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ இருக்கும் அண்ணா அல்லது அக்கா ஒருவருக்கு எழுதுங்கள். 'வேலை எடுத்துத் தாருங்கள்' என்று எழுத வேண்டாம். 'உங்கள் கொம்பனியில் பயிலுநர்களை எந்தக் காலத்தில் எடுப்பார்கள், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?' என்று எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் சுலபம். வெற்றிடம் வரும்போது உங்கள் பெயர் அவர்கள் நினைவுக்கு வரும்.

இணையத்துக்கு வராத வேலைகளும் வன்னியில் நிறைய உண்டு. அரிசி ஆலை, கட்டடப் பொருள் கடை, தனியார் வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம் இவையெல்லாம் விளம்பரம் போடாமலே தெரிந்த ஆட்களிடம் சொல்லித்தான் ஆள் எடுக்கும். நீங்கள் பயிற்சி பெற்ற சங்கத்தின் முகாமையாளருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவரை உங்கள் சான்றாளராகப் போடலாமா என்று கேளுங்கள், அப்படியே வேலை தேடுவதாகவும் சொல்லுங்கள். கேட்காமல் யார் பெயரையும் சான்றாளராகப் போடாதீர்கள், சொந்தக்காரரையும் போடாதீர்கள். பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கண்டு பெயரைப் பதியுங்கள். மாவட்டச் செயலகத்தில் தொழிற்சந்தை வைக்கும்போது அவர்கள் மூலம் தகவல் வரும். தொழிற்சந்தைக்குப் போனால் சீவியைக் கொடுத்துவிட்டு வராமல், அங்கே நிற்கும் கொம்பனி ஆளின் பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கி வந்து, அன்றிரவே அவருக்கு அனுப்புங்கள்.

அனுப்பிய ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நிறுவனம், பதவி, முடிவுத் திகதி, எந்தச் சீவி. முடிவுத் திகதி போய் ஒரு கிழமை கழித்து, தொலைபேசி இலக்கம் இருந்தால் அழைத்து, 'இந்தப் பதவிக்கு விண்ணப்பித்தேன், தெரிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அது தொல்லை கொடுப்பதல்ல. இந்தக் கொப்பி இல்லாததால், 'எந்த வேலைக்குக் கதைக்கிறீர்கள்?' என்று கூப்பிட்டவரிடமே திருப்பிக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டவர் அதோடு வைத்துவிடுவார்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020இல் பட்டதாரிகளைப் பெருந்தொகையாக அரச சேவைக்குள் எடுத்ததை ஊரே கண்டது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் அப்படி மொத்தமாக எடுக்கும் நிலையில் இல்லை. இனி வருவது பெரும்பாலும் போட்டிப் பரீட்சை வழியாக வரும், அதற்கு வீட்டில் காத்திருப்பது ஆயத்தமாகாது. வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வெளிவரும். பகுதி 1இல் 2அ பிரிவுதான் உங்களுக்கு வேண்டியது, பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் இருக்கும். அரச அச்சுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இறக்கலாம். மாகாண சபைக்குக் கீழ் வரும் வேலைகளுக்கு வட மாகாண சபையின் தளத்தைத் தனியாகப் பாருங்கள். வெள்ளி இரவு அரை மணி நேரம் இதற்குப் போதும். நுண்ணறிவுப் பரீட்சைப் பயிற்சியை அப்பா கண்முன்னாலேயே செய்யுங்கள். தனியார் வேலையில் இருந்துகொண்டே பரீட்சை எழுதலாம் என்று அவருக்கு விளங்கினால் இந்த வாக்குவாதம் தானாகக் குறையும்.

நேர்முகம் சூம் வழியாக வந்தால், உங்கள் பக்கம் சிக்னல் எந்த நேரத்தில் நன்றாக இருக்கும் என்று முதல் நாளே பாருங்கள். வீட்டில் சரிவராது என்றால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தெரிந்தவர் வீட்டில் இருந்து கதையுங்கள். தொடக்கத்திலேயே, 'இணைப்பு அறுந்தால் இந்த இலக்கத்துக்கு அழைக்க முடியுமா?' என்று சொல்லிவிடுங்கள். இப்படி முன்கூட்டி யோசிக்கும் பிள்ளையை எல்லாருக்கும் பிடிக்கும்.

வேலை கிடைத்தால் நியமனக் கடிதம் கையில் வராமல் தொடங்க வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், அவர்களிடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர்களுடைய 3 வீதம் கட்டுகிறார்களா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்று பாருங்கள். படிகளையெல்லாம் சேர்த்துப் பெரிய தொகையாகச் சொல்லி, அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்தால் உங்கள் சேமலாப நிதியும் குறையும். கிளிநொச்சியில் வேலை என்றால் விசுவமடு, தர்மபுரம் வழியாகத் திரும்பி வருவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் நேர்முகத்திலேயே சொல்லுங்கள். மாத முடிவுக் கணக்குக்கு இரவு எட்டு மணி வரை நிற்க வேண்டுமென்றால் அவர்கள் வாகனம் ஒழுங்கு செய்வார்களா என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.